புதுப்பித்த பக்கம் உங்கள் போனுக்கு வரும் முன் யார் சோதிக்கிறார்கள்?

"நேத்து வேலை செஞ்ச பக்கம் இன்னைக்கு ஏன் வேலை செய்யலை?" அரசு இணையதளங்களையும் செயலிகளையும் பயன்படுத்தும் பலரும் கேட்கும் கேள்வி இது. போன் அதேதான். சிக்னலும் இருக்கிறது. ஆனால் 'சமர்ப்பி' பட்டனை அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை.

நகரத்தில் இருப்பவருக்கு இது எரிச்சலோடு முடிந்துவிடும். கொல்லிமலையின் பெரக்கரை நாட்டில் இருப்பவருக்கு ஒரு நாள் கூலியே போய்விடலாம். பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வழங்குபவர் வருவாய்க் கோட்டாட்சியர். ஆன்லைனில் முடியாத வேலைக்காக மலை இறங்க வேண்டி வந்தால், காரவள்ளி பாதையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள். அதனால், பக்கம் உடையாமல் காப்பது எப்படி என்பது நமக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

பக்கம் ஏன் உடைகிறது?

நீங்கள் நிரப்பும் படிவத்தில் தேதியைச் சரிபார்ப்பது, கட்டாயப் பெட்டி காலியாக இருந்தால் சிவப்பில் காட்டுவது போன்ற வேலைகளைப் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி செய்கிறது. 1995-ல் உருவான இந்த மொழி, உங்கள் போனில் உள்ள பிரவுசருக்குள்ளேயே ஓடுகிறது.

ஒரு இடத்தைத் திருத்தினால் இன்னொரு இடம் கெடலாம். எடுத்துக்காட்டாக, நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். 'கடைசிப் பெயரில் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்' என்று வேறு தேவைக்காக ஒருவர் விதி சேர்த்தால், 'க' என்ற ஒற்றை இனிஷியல் கொண்டவரின் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

இதைத் தடுக்க, நிரலாளர்கள் சின்னச் சின்ன சோதனைகளை எழுதி வைப்பார்கள். "இனிஷியல் 'க' என்று கொடுத்தால் படிவம் ஏற்க வேண்டும்" என்பது ஒரு சோதனை. இப்படி நூற்றுக்கணக்கில் எழுதியவற்றை வரிசையாக ஓட்டிப் பார்த்து, எது தேறியது, எது தவறியது என்று சொல்லும் கருவிதான் டெஸ்ட் ரன்னர். கர்மா, ஜெஸ்ட் ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை.

சல்லடை எங்கே இருக்க வேண்டும்?

சோதனை இருந்தால் மட்டும் போதாது. கொல்லிமலை மிளகை நினைத்துப் பாருங்கள். சல்லடை மூலையில் கிடந்தால், லாரி காத்திருக்கும் அவசரத்தில் சலிக்காமலே மூட்டை கட்டிவிடலாம். மூட்டைக்குப் போகும் வழியிலேயே சல்லடையைப் பொருத்திவிட்டால், சலிக்காத மிளகு உள்ளே போகவே முடியாது.

மென்பொருளில் மூட்டை கட்டும் வேலையைச் செய்வது பில்டு கருவி. ஜென்கின்ஸ், மேவன் போன்றவை நிரலைத் திரட்டி, தொகுத்து, வெளியிடத் தயாராக்குகின்றன. டெஸ்ட் ரன்னரை இதோடு இணைப்பதுதான் சல்லடையை வழியில் பொருத்துவது. அது நடக்கும் விதம் இதுதான்:

1. நிரலாளர் தன் திருத்தத்தைப் பொதுவான நிரல் களஞ்சியத்தில் சேர்க்கிறார்.
2. பில்டு கருவி அதைக் கவனித்து, புதிய நிரலை எடுத்துக்கொள்கிறது.
3. 'சோதனையை ஓட்டு' என்று டெஸ்ட் ரன்னருக்குக் கட்டளை கொடுக்கிறது. பில்டு கணினிக்குத் திரை இருக்காது. அதனால் திரை இல்லாமலே ஓடும் பிரவுசரில் சோதனை நடக்கும். குரோம் பிரவுசரில் இந்த வசதி 2017-ல் வந்தது.
4. முடிவில் ரன்னர் ஒரு எண்ணைத் திருப்பித் தருகிறது. எல்லாம் தேறினால் 0. ஒன்று தவறினாலும் வேறு எண்.
5. 0 வந்தால் வேலை தொடரும். வேறு எண் வந்தால் பில்டு அங்கேயே நிற்கும். எந்தச் சோதனை தவறியது என்ற அறிக்கையும் பதிவாகும்.

மொத்தப் பாதுகாப்பும் அந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது. 'தவறினாலும் தொடரவும்' என்ற அமைப்பை அவசரத்துக்கு யாராவது போட்டுவிட்டால், சோதனைகள் ஓடும், அறிக்கையும் வரும், ஆனால் உடைந்த பக்கமும் வெளியே போய்விடும். இன்னொரு சிக்கலும் உண்டு. சில ரன்னர்கள் சோதனையை முடித்த பிறகும், அடுத்த திருத்தத்துக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். பில்டு கணினியில் 'ஒருமுறை ஓடி முடி' என்று சொல்லி வைக்காவிட்டால் வேலை நகராது.

உங்கள் வீட்டில் உள்ள உதாரணம்

பிள்ளைகளின் பாடநூலில் உள்ள கியூஆர் கோடைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் 2018-ல் 1, 6, 9, 11-ஆம் வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்களில் அது இடம்பெற்றது. அதை ஸ்கேன் செய்து பாடம் பார்க்க உதவும் தீக்‌ஷா தளம் 2017 செப்டம்பர் 5-ல் தொடங்கப்பட்டது. அதன் அடிப்படையான சன்பேர்ட் மென்பொருளின் நிரல், யாரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்தே இருக்கிறது. அதன் இணையதளப் பகுதிக்கு கர்மா, ஜெஸ்ட் ஆகிய ரன்னர்களுக்கான சோதனைகள் எழுதப்பட்டுள்ளன. தொகுத்து நிறுவும் வேலைக்கு ஜென்கின்ஸ் பயன்படுகிறது. மாணவர் கையில் இருக்கும் புத்தகத்தை மாற்ற முடியாது. அதில் அச்சான கோடு திறக்கும் பக்கம்தான் மாறிக்கொண்டே இருக்கும். மாறும்போதெல்லாம் சோதிப்பது அதனால்தான் அவசியமாகிறது.

இயந்திரத்துக்குத் தெரியாதது

எழுதி வைத்ததை மட்டும்தான் இயந்திரம் சோதிக்கும். பில்டு கணினி வேகமான இணைப்பில் இருக்கிறது. மலைச்சரிவில் ஒரு கோடு சிக்னலில், பழைய போனில் என்ன நடக்கும் என்பது அதற்குத் தானாகத் தெரியாது. யாராவது சொன்னால்தான், அதற்கு ஒரு சோதனை எழுத முடியும். அதைச் சொல்லக்கூடியவர் நீங்கள்தான்.

"சைட் வேலை செய்யலை" என்று மட்டும் சொன்னால் எதைச் சோதிப்பது என்று புரியாது. புகார் தரும்போது இவற்றைச் சொல்லுங்கள்:

• எந்தச் சேவை, எந்தப் பக்கம், எந்தப் பட்டன்
• என்ன தட்டச்சு செய்தீர்கள் (தமிழிலா, ஆங்கிலத்திலா)
• போன் மாடல், பிரவுசரின் பெயர்
• தேதி, நேரம், திரையில் வந்த செய்தி

ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் ஆதார் எண்ணை மறைத்துவிடுங்கள். ஓடிபியை யார் கேட்டாலும் தர வேண்டாம். தளத்தில் உள்ள உதவிப் பகுதியிலோ, முதல்வரின் உதவி மைய எண் 1100-லோ புகாரைப் பதிவு செய்யலாம்.

இப்படித் தெளிவாக வரும் ஒரு புகாரை நிரலாளர் ஒரு சோதனையாக எழுதிச் சேர்த்துவிட்டால், அதன்பின் ஒவ்வொரு திருத்தத்தின்போதும் அது தானாக ஓடும். உங்களைத் தடுத்த அதே பிழை மறுபடி நுழையப் பார்த்தால், பில்டு கணினியிலேயே நின்றுவிடும். அடுத்து விண்ணப்பிப்பவர் மலை இறங்க வேண்டியிருக்காது.