சென்னை கவர்னரைச் சிறையில் தள்ளிய தஞ்சாவூர் நெல்

ஆவுடையார்கோவிலுக்குப் போகிறவர்கள் கொடுங்கையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கல்லிலே மரச்சட்டமும், கம்பியும், ஆணியும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தட்டிப் பார்த்தால்தான் கல் என்று நம்ப முடியும்!

அந்தக் கோவிலின் கதையும் எல்லோருக்கும் தெரிந்ததே. குதிரை வாங்கப் பாண்டிய மன்னன் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் இங்கே திருப்பணிக்குச் செலவிட்டார். மன்னன் அவரைச் சிறையில் போட்டான்.

அரசாங்கப் பணத்தால் சிறைக்குப் போன மந்திரியின் கதை அது. தஞ்சாவூர்ச் சீமையின் வரிப்பணத்தால் சிறைக்குப் போன ஒரு வெள்ளைக்காரப் பிரபுவும் உண்டு. ஆவுடையார்கோவிலும் தஞ்சாவூர்ச் சீமைதான். 1974ல் புதுக்கோட்டை மாவட்டம் பிறக்கும் வரை, அறந்தாங்கித் தாலுகாவோடு தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்த ஊர் அது.

அந்தப் பிரபுவின் பெயர் ஜார்ஜ் பிகட். சென்னையின் கவர்னர்!

குமாஸ்தா பிரபு ஆனார்

பிகட் பிறவியிலேயே பிரபு அல்ல. 1719ல் லண்டனில் பிறந்தவர். அவருடைய தாயார், கரோலின் ராணிக்கு அலங்காரம் செய்யும் பணிப்பெண்.

18 வயதில், 1737ல், கிழக்கிந்தியக் கம்பெனியின் குமாஸ்தாவாகச் சென்னையில் வந்து இறங்கினார். 1755ல் அவரே கவர்னர்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். இரண்டு மாதம் குண்டு மழை. பிகட் அசையவில்லை. பிப்ரவரியில் ஆங்கிலேயரின் கப்பல்கள் வந்தன, லாலி பின்வாங்கினார். 1761ல் புதுச்சேரியே விழுந்தது.

1763ல் ஊர் திரும்பியபோது பிகட் பெரும் பணக்காரர். கம்பெனிச் சம்பளத்தில் சேர்த்த பணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பட்சல் என்ற பண்ணையை 1,00,000 பவுனுக்கு வாங்கினார். இன்றும் அவர் பெயரால் பேசப்படும் ஒரு பெரிய வைரமும் அவரிடம் இருந்தது. பார்லிமெண்டில் இடம் பிடித்தார். 1766ல் அயர்லாந்துப் பிரபுப் பட்டமும் கிடைத்தது.

தம்பிகளும் சளைத்தவர்கள் அல்ல. ராபர்ட் தரைப்படைத் தளபதி. 1775ல் அமெரிக்காவில் பங்க்கர் குன்றுச் சண்டையில் நின்றவர். ஹ்யூ கப்பற்படையில் அட்மிரல்.

தாலி கட்டாத தந்தை

எல்லாம் இருந்தும் பிகட் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆனால் பிள்ளைகள் இருந்தார்கள். சோபியா என்ற மகள். 1774ல் பிறந்த ரிச்சர்டு. 1775ல் பிறந்த ஹ்யூ.

பிள்ளைகளுக்குப் பெயர் கொடுத்தார். பட்டத்தை மட்டும் கொடுக்க முடியாது. மணமில்லாமல் பிறந்த பிள்ளைக்குப் பிரபுப் பட்டம் சேராது என்பது ஆங்கிலச் சட்டம்.

கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு, 56 வயதில், வைரமும் பண்ணையும் உள்ள மனிதர் மறுபடி கப்பல் ஏறினார். 1775 டிசம்பரில் இரண்டாம் முறையாகச் சென்னையில் கவர்னர் பதவி ஏற்றார்.

பயிர் யாருக்கு?

இடையில் ஓர் அநியாயம் நடந்திருந்தது. 1773ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, கம்பெனிப் பட்டாளத்தைக் கொண்டு தஞ்சையைப் பிடித்தார். மன்னர் துளஜா சிறைப்பட்டார். லண்டன் டைரக்டர்கள் இதை ஒப்பவில்லை. 'நாட்டை மன்னரிடமே திருப்பிக் கொடு' என்று சொல்லித்தான் பிகட்டை அனுப்பினார்கள்.

1776 மார்ச் 14ல் மகள் சோபியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை எட்வர்டு மாங்க்டன். அடுத்த மாதம் பிகட் தஞ்சையில் இருந்தார். ஏப்ரல் 11ந் தேதி துளஜா மறுபடி அரசர் ஆனார்.

அப்போது கையில் பத்திரத்தோடு வந்து நின்றார் பால் பென்பீல்டு. கம்பெனியில் சிறு சம்பளக்காரர். 'நவாப் எனக்குக் கடன்பட்டிருக்கிறார். அதற்கு ஈடாகத் தஞ்சாவூர் வருமானத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார். வயலில் நிற்கும் விளைச்சலில் எனக்குப் பங்கு உண்டு' என்றார். அவர் கேட்டது மொத்தம் 2,34,000 பவுன்! சிறு சம்பளக்காரரிடம் அவ்வளவு பணம் ஏது?

உழுதவன் தஞ்சாவூரான். கடன் வாங்கியவர் ஆற்காட்டார். அறுத்துக்கொண்டு போகச் சென்னையிலிருந்து ஒருவர்!

பிகட் முடியாது என்றார். கவுன்சிலும் முதலில் அப்படியே சொன்னது. பிறகு மாறியது. நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்தவர்கள் கவுன்சிலிலேயே இருந்தார்கள். பெரும்பான்மை தம்மை எதிர்த்ததும், பிகட் இரண்டு மெம்பர்களைத் தற்காலிக நீக்கம் செய்தார். அதற்கு அவருக்கு அதிகாரம் இருந்ததா என்பது விவாதத்துக்கு உரியது. நிதானம் அவருடைய குணம் அல்ல.

விருந்தாளி செய்த வேலை

1776 ஆகஸ்டு 24. கர்னல் ஸ்டூவர்ட் அன்று பிகட்டின் வீட்டில் சாப்பிட்டார். மாலையில் பிகட்டின் வண்டியிலேயே, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தோட்ட மாளிகைக்குப் புறப்பட்டார். வழியில் ராணுவ அதிகாரிகள் வண்டியை மறித்தார்கள். கவர்னர் கைது! ஏற்பாடு முழுவதும் விருந்தாளியுடையது.

பரங்கிமலையில் காவல். மாதங்கள் ஓடின. உடம்பு கெட்டது. தோட்ட மாளிகைக்கு மாற்றினார்கள். இன்று ஓமந்தூரார் அரசினர் தோட்டம் என்கிறோமே, அந்த இடம்தான். 1777 மே 11ந் தேதி அங்கே இறந்தார், காவலில் இருந்தபடியே.

லண்டனில் டைரக்டர்கள், 'பிகட் மீண்டும் கவர்னர். உடனே ராஜினாமா செய்து ஊர் திரும்புக' என்று உத்தரவு எழுதினார்கள். உத்தரவின் மாதம் ஜூன். அவர் புதைகுழிக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

மரண விசாரணை ஜூரிகள் கொலை என்றே தீர்ப்புச் சொன்னார்கள். அது நிலைக்கவில்லை. தம்பி ஹ்யூ பார்லிமெண்டில் விடவில்லை. 1779ல் கவுன்சில் மெம்பர்கள் நால்வர் லண்டனில் குற்றவாளிகள் ஆனார்கள். தண்டனை? தலைக்கு 1,000 பவுன் அபராதம். பென்பீல்டு கேட்ட தொகைக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்!

பிகட்டோடு பிரபுப் பட்டம் செத்தது. இன்னொரு சிறு பட்டம் தம்பி ராபர்ட்டுக்குப் போனது. வைரம் உடன்பிறந்தவர்களுக்கு. 1801ல் அதைக் குலுக்கல் சீட்டில் விட்டார்கள். கடைசியில் அல்பேனியாவின் அலி பாஷா அதை வாங்கினார்.

பட்டம் கிடைக்காத பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. ரிச்சர்டு, பெரியதொரு ராணுவ ஜெனரலாகி 1868 வரை வாழ்ந்தார். ஹ்யூ, சிற்றப்பாவைப் போலவே அட்மிரல் ஆனார்.

தகப்பனாரைக் கோட்டைக்குள் புனித மேரி ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். அங்கே ஒரு கல் இருக்கிறது. அதில் பெயர் இல்லை, தேதி இல்லை. 'நினைவாக' என்ற பொருளில் லத்தீன் எழுத்து மட்டும். அதுதான் பிகட்டின் கல் என்கிறார்கள்.