ஒரே சரக்கு ரயில், கலர் கலரா இன்ஜின்... அமெரிக்காவில் ஏன் இப்படி?

அமெரிக்க சரக்கு ரயில் வீடியோக்களில் இதைக் கவனித்திருப்பீர்கள். முன்னால் யூனியன் பசிபிக்கின் மஞ்சள் இன்ஜின், அடுத்து பிஎன்எஸ்எஃப்பின் ஆரஞ்சு, அதற்குப் பின்னால் சிஎஸ்எக்ஸின் நீலம். மூன்றும் வெவ்வேறு நிறுவனங்கள். ஒன்று ஜிஇ தயாரிப்பு, இன்னொன்று இஎம்டி. ‘கையில கிடைச்சதை மாட்டிட்டாங்களோ?’ என்று தோன்றும். பாதி உண்மை அதுதான்!

அப்படி மாட்ட முடிவதற்குக் காரணம் ஒரு கேபிள். 27 பின் கொண்ட இது அங்குள்ள எல்லா நிறுவனங்களுக்கும் பொது. முன் இன்ஜினில் டிரைவர் 5-வது நாட்ச் வைத்தால், பின்னால் உள்ளவையும் 5-க்குப் போகும். யார் தயாரிப்பு, என்ன வயசு என்பதெல்லாம் பிரச்சினையே இல்லை. நீராவி காலத்தில் ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனி ஆட்கள் வேண்டியிருந்தது. இந்தியாவில் இன்றைக்கும் பழைய டபிள்யூஏஜி-5, புதிய டபிள்யூஏஜி-9 மின்சார இன்ஜின்களை இப்படி இணைத்து ஒரே லோகோ பைலட் ஓட்ட முடியாது. கட்டுப்பாட்டு முறையே வேறு.

சரி, அடுத்த கம்பெனி இன்ஜின் எப்படி வந்தது? மேற்கே யூனியன் பசிபிக், பிஎன்எஸ்எஃப், கிழக்கே சிஎஸ்எக்ஸ். ரயில் கை மாறும் சிகாகோ போன்ற இடங்களில் இன்ஜினைக் கழற்றி மாட்டினால் நேரம் வீண். அதனால் இன்ஜினும் சேர்ந்தே போகும். வாடகையைப் பெரும்பாலும் காசாகக் கொடுப்பதில்லை; கணக்கு ‘குதிரைத்திறன்-மணி’யில். 4,400 குதிரைத்திறன் இன்ஜின் 10 மணி நேரம் ஓடினால் 44,000 கடன். அதே இன்ஜினைத் திருப்பித் தர வேண்டியதில்லை, அதே அளவு உழைப்பைத் தந்தால் போதும். பக்கத்து வீட்டில் வாங்கிய சர்க்கரை மாதிரி.

சிக்கல் மலையேற்றத்தில்தான். 3,000 குதிரைத்திறன் கொண்ட எஸ்டி40-2 போன்ற பழைய இன்ஜின்களில் டிசி மோட்டார். மணிக்கு சுமார் 18 கி.மீ.க்குக் கீழே முழு சக்தியில் நீண்ட நேரம் இழுத்தால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும். ஏசி மோட்டார் இன்ஜின் ஊர்ந்தபடியே இழுக்கும். ரெண்டையும் கலந்தால், ஏற்றத்துக்கான எடைக் கணக்கை டிசி இன்ஜினை வைத்தே போட வேண்டும். கணக்கு தப்பி ஒற்றைப் பாதையில் ரயில் நின்றால், பின்னால் வரும் அத்தனையும் நிற்கும்.

வரிசையில் இருப்பதெல்லாம் இழுக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். ஒன்று பழுதாகி ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க்கொண்டிருக்கலாம். இன்னொன்று, அடுத்த யார்டில் காத்திருக்கும் வேறொரு ரயிலுக்காக, ஆஃப் செய்யப்பட்டு சும்மா கூடவே போகலாம்.