மூச்சுக்குழாய்த் தசையில் கால்சியத்தின் தூது: ஓர் இலண்டன் கண்டுபிடிப்பின் தொடர்ச்சி

முன்னுரை

கால்சியம் என்றவுடன் எலும்பும் பல்லுமே நினைவுக்கு வரும். தசைகளைச் சுருங்கச் செய்யும் தூதும் அதுவே என்பது பரவலாக அறியப்படவில்லை. மூச்சுக்குழாயில் இத்தூது இயங்கும் முறையை அறிந்தால், ஆஸ்துமாவுக்கு இருவகை மருந்துகள் ஏன் வேண்டும் என்பது தெளிவாகும்.

இலண்டன் குழாய்நீர்

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சிட்னி ரிங்கர் என்னும் மருத்துவர், தவளையின் இதயத்தை உப்புநீரில் துடிக்கவைத்து ஆராய்ந்தார். 1882இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வுப்புநீர் வடிநீரில் கரைத்தது என்றே அவர் கருதியிருந்தார். உண்மையில் அது நியூ ரிவர் நிறுவனம் வழங்கிய குழாய்நீரில் கரைக்கப்பட்டிருந்தது. வடிநீருக்கு மாற்றியபோது துடிப்புத் தளர்ந்து நின்றது. கால்சியம் சேர்த்ததும் மீண்டது. 1883இல் அவர் தம் கருத்தைத் திருத்தி வெளியிட்டார்.

தூது செல்லும் வழி

மூச்சுக்குழாயைச் சூழ்ந்திருப்பது, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத வரியற்ற தசை. ஓய்வின்போது அதன் உயிரணுவினுள் கட்டற்ற கால்சியத்தின் செறிவு, வெளியே உள்ளதில் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்கே. அமைதியான அறையில் மெல்லொலியும் கேட்பதுபோல், இந்நிலையில் சிறிதளவு கால்சியம் கூடினும் அது செய்தியாகிவிடுகிறது.

நரம்புமுனை சுரக்கும் அசிட்டைல்கோலினோ ஒவ்வாமையில் வெளிப்படும் ஹிஸ்டமினோ உயிரணுவின் ஏற்பியில் பொருந்தும்போது, உள்ளே ஐபி3 என்னும் சிறு மூலக்கூறு உருவாகிறது. அது உட்சேமிப்பறையிலிருந்து கால்சியத்தை விடுவிக்கிறது. ஐபி3இன் இப்பணியை, ரிங்கருக்கு நூறாண்டு கழித்து 1983இல் கேம்பிரிட்ஜின் மைக்கேல் பெரிட்ஜ் உள்ளிட்ட நால்வர், கணைய உயிரணுக்களில் நிறுவினர்.

விடுபட்ட கால்சியம் கால்மோடுலின் என்னும் புரதத்துடன் இணைந்து ஒரு நொதியைத் தூண்டுகிறது. அதன் விளைவாக மயோசின் இழை அக்டின் இழையைப் பற்றி இழுக்க, குழாய் ஒடுங்குகிறது. கால்சியம் ஒரேயடியாக உயர்ந்து நிற்பதில்லை, அலையலையாக எழுகிறது. அலைகள் விரையுந்தோறும் சுருக்கம் வலுக்கிறது.

மருந்தும் அதன் எல்லையும்

இலண்டனுக்கு வடக்கே, நியூ ரிவர் கால்வாய் தொடங்கும் இடத்தை அடுத்த வேர் நகரில், டேவிட் ஜாக் தலைமையிலான குழு சல்பூட்டமாலை உருவாக்கியது. 1969இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. நீலநிற உறிஞ்சியில் உள்ள இம்மருந்து கால்சிய அலைகளின் விரைவைக் குறைக்கிறது. கால்சியத்துக்குத் தசை காட்டும் உணர்திறனையும் தணிக்கிறது. குழாய் சில நிமிடங்களில் விரிகிறது.

ஆனால் குழாய்ச் சுவரின் வீக்கத்தையும் சளியையும் விளைவிக்கும் அழற்சி இதனால் தணிவதில்லை. அதற்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்து வேண்டும். நீலநிற மருந்தைத் தனியே வழங்கலாகாது என்று 2024 நவம்பரில் வெளியான பிரித்தானிய வழிகாட்டல் வலியுறுத்துகிறது.

முடிவுரை

தமிழகத்தில் ‘இளைப்பு’ என்றும், ஈழத்தில் ‘முட்டு’, ‘தொய்வு’ என்றும் இந்நோய் வழங்கப்பெறுகிறது. இப்பெயர்கள் மூச்சுத் திணறும் வேளையையே சுட்டுகின்றன. திணறல் இல்லாத நாட்களிலும் தொடரும் அழற்சியைச் சுட்டுவதில்லை. முட்டு நீங்கியதும் நோயும் நீங்கியது என்று தடுப்பு மருந்தைக் கைவிட இப்பெயர்களே இடமளிக்கக்கூடும். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழில் மேலை மருத்துவம் கற்பித்தார். தசையின் சுருக்கத்தையும் சுவரின் அழற்சியையும் வேறுபடுத்திக்காட்டும் எளிய சொற்களை வீட்டுத் தமிழுக்குக் கொண்டுசேர்ப்பது அம்மரபின் இன்றைய கடமையாகும்.