திண்டியில் ஓர் இடம்

மராட்டியில் 'திண்டி' என்றால் தின்பண்டம் இல்லை. பண்டரிபுரம் பாதயாத்திரையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் நம் காதில் அந்தச் சொல் சாப்பாட்டு நேரத்தைத்தான் நினைவூட்டும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே திண்டி என்பது பாடிக்கொண்டே சேர்ந்து நடக்கும் ஒரு குழு. சிலவற்றில் ஐம்பது பேர் இருப்பார்கள், சிலவற்றில் பல நூறு பேர். புனே அருகே உள்ள ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் வரை சுமார் 250 கிலோமீட்டர். அதை ஏறத்தாழ இருபது நாளில் நடந்து கடக்கும் லட்சக்கணக்கான ஜனங்களைத் தொலைவிலிருந்து பார்த்தால் காட்டாற்று வெள்ளம் மாதிரி இருக்கும். கிட்டே போனால்தான் தெரியும், யாருக்கு முன்னால் யார், யாருக்குப் பின்னால் யார் என்பதெல்லாம் எப்போதோ முடிவாகிவிட்டது என்று.

'வாரி' என்றால் முறை தவறாமல் போய்வருவது. போகிறவர் வார்கரி. ஆஷாட மாத வளர்பிறை ஏகாதசியன்று விட்டலன் கோயில் கொண்ட பண்டரிபுரத்தில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. நம் நாட்காட்டியில் அது பெரும்பாலும் ஆனியில் வரும், சில ஆண்டுகளில் ஆடியில். 1296இல் ஆளந்தியில் சமாதியான பக்திக் கவி ஞானேஸ்வரரின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து, அந்தப் பல்லக்கை மாடுகள் இழுக்கும் வெள்ளி ரதத்தில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். தேஹுவிலிருந்து இன்னொரு பக்திக் கவியான துக்காராமின் பல்லக்கு வேறொரு வழியாக வருகிறது. இரண்டும் ஒரு காலத்தில் ஒன்றாகவே போயின. 1685இல் துக்காராமின் மகன் நாராயண் அப்படித்தான் தொடங்கிவைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹைபத்பாபா ஆர்ஃபள்கர் என்பவர் ஞானேஸ்வரர் பல்லக்கைத் தனியாகப் பிரித்து நடத்தினார். குவாலியர் சிந்தியாக்களிடம் வேலை பார்த்தவர் அவர். குதிரை, கூடாரம், அணிவகுப்பு, கையில் கோல் ஏந்திய சோப்தார் என்று இன்றைய வாரியில் பட்டாளத்துச் சாயல் தெரிவது அதனால்தான்.

ரதத்துக்கு முன்னால் 27 திண்டிகள், பின்னால் இருநூறுக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. எண்ணை மாற்றிக்கொள்ள முடியாது, முந்தவும் முடியாது. திண்டிக்குள்ளும் இதே ஒழுங்குதான். காவிக் கொடி பிடித்தவர்கள் முதலில் போவார்கள். அடுத்து தாளம் தட்டிப் பாடுகிறவர்கள் வரிசை வரிசையாக, அவர்கள் நடுவே மிருதங்கக்காரர். பிறகு வீணேகரி. வீணை என்றதும் தஞ்சாவூர் வீணையை நினைக்க வேண்டாம். இது தோளில் தொங்கவிட்டு மீட்டும், தம்பூராவைப் போன்ற எளிய தந்தி வாத்தியம். திண்டியின் மரியாதை முழுக்க அதில்தான் இருக்கிறது. அதைத் தரையில் வைக்கக் கூடாது. கை மாற்றிக் கொடுக்கும்போது கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவர் காலை ஒருவர் தொட்டுக் கும்பிட்டுக்கொள்வார்கள். பின்னால் பெண்கள், சிலர் தலையில் துளசி மாடம், சிலர் தலையில் தண்ணீர்க் குடம்.

சுற்றுலாக் குழுவில் வழிகாட்டி ஒருவர் இருப்பார், இடத்தைக் காட்டிக் கதை சொல்வார். இங்கே அப்படி யாரும் இல்லை. எந்த நேரத்தில் எந்த அபங்கம், அதாவது எந்த மராட்டிப் பக்திப் பாடல், என்ற வரிசை உண்டு. காலையில் திருப்பள்ளியெழுச்சி, மாலையில் ஹரிபாட் பாடல்கள், இரவில் கீர்த்தனை. பாட்டைப் பிடித்துக்கொண்டால் போதும், பொழுதும் தெரிந்துவிடும், வழியும் தெரிந்துவிடும். மராட்டி தெரியாதவர் கூட ஒரு வாரத்தில் பல்லவியைச் சேர்ந்து பாடிவிடலாம். பஜனை மடங்களில் 'விட்டல விட்டல' என்று கைதட்டிப் பழகிய தமிழர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆணோ பெண்ணோ, எல்லாருமே 'மாவுலி'தான். தாயே என்று அர்த்தம், ஞானேஸ்வரரை அழைக்கும் பெயரும் அதுவே.

நடையில் சோதனை என்றால் புனேயிலிருந்து சாஸ்வடு போகும் நாள். முப்பது கிலோமீட்டருக்கு மேல், அதில் திவே காட் மலைப்பாதை ஏற்றம் வேறு. ரதத்தை மேலே இழுக்கக் கூடுதல் மாடுகள் பூட்டுவார்கள். பத்திரிகைகளில் வரும் படம் பெரும்பாலும் இந்த வளைவில் எடுத்ததாகவே இருக்கும். அதற்கப்புறம் ஜேஜுரியில் கண்டோபா மலையின் அடிவாரத்தில் மஞ்சள்பொடி பறக்கும், நீரா ஆற்றில் பாதுகைகளுக்கு நீராட்டு நடக்கும். சில நாட்களில் பத்து கிலோமீட்டர் கூட இராது. காலுக்கு அது விடுமுறை.

லோணந்தைத் தாண்டியதும் முதல் ரிங்கண், அதாவது குதிரை ஓட்டம். பெளகாவி மாவட்டத்து அங்கலியிலிருந்து நடந்தே வந்த இரண்டு குதிரைகளை ஓடவிடுவார்கள். ஒன்றில் கொடி பிடித்த ஆள் இருப்பார். மற்றொன்றில் யாரும் ஏறுவதில்லை, அது ஞானேஸ்வரரின் குதிரை. ஓடி முடிந்ததும் அதன் குளம்படி மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்வார்கள்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது தங்குமிடத்தில் மாலையில் நடக்கும் சமாஜ் ஆரத்தி. பல்லக்கைச் சுற்றி எல்லாத் திண்டிகளும் வந்து நிற்கும். ஆயிரக்கணக்கான ஜோடித் தாளங்கள் ஒரே சமயத்தில் ஒலிக்கும். சோப்தார் கோலை உயர்த்தியதும் சட்டென்று நிசப்தம். குறை ஏதாவது உள்ள திண்டி மட்டும் தாளத்தை நிறுத்தாது. தண்ணீர் லாரி வரவில்லை, எங்கள் இடத்தில் இன்னொரு திண்டி புகுந்துவிட்டது, இப்படி எதுவாகவும் இருக்கலாம். அவ்வளவு பெரிய மௌனத்தில் அந்தத் தாளம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியதே இல்லை. சோப்தார் அங்கே போய் விசாரித்து, பதில் சொல்லிவிட்டு வருவார். திருப்தியானால் தாளம் நிற்கும். தொலைந்துபோன பொருள்கள், கிடைத்த பொருள்கள், மறுநாள் புறப்படும் நேரம் எல்லாம் அறிவித்த பிறகுதான் ஆரத்தி. மனு எழுதி நீட்டிவிட்டு வாசலில் காத்துக்கிடந்து பழகிய நமக்கு, குறை தீராமல் பூஜை தொடங்காது என்ற ஏற்பாடு கொஞ்சம் பொறாமையைக் கிளப்பும்.

போக நினைப்பவர்கள் ஏதாவது ஒரு திண்டியில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட வேண்டும். தெரிந்த வார்கரி யாராவது இருந்தால் வேலை சுலபம். இருபது நாள் சாப்பாட்டுக்கும் கூடாரத்துக்கும் ஒரு தொகை கட்டுவீர்கள். படுக்கையும் துணிமணியும் திண்டியின் லாரியில் போகும், தோளில் சின்னப் பை மட்டும். புது செருப்பு வாங்கிக்கொண்டு போகாதீர்கள், ஏற்கெனவே கடித்துப் பழகியதே நல்லது. பருவமழை தொடங்கும் காலம், ஆகவே பிளாஸ்டிக் விரிப்பு கட்டாயம். மாமிசம், மது கிடையாது. வழியோர ஊர்க்காரர்கள் டீ கொடுப்பார்கள், காலைப் பிடித்துவிடுவார்கள், அறுந்த செருப்பைக் காசு வாங்காமல் தைத்துத் தருவார்கள். வேண்டாம் என்று கூச்சப்பட்டால் அவர்கள் முகம் வாடிவிடும். முழு நடையும் முடியாதவர்கள் ஆளந்தியிலிருந்து புனே வரை ஒரு நாள் நடந்துவிட்டுத் திரும்புவதும் உண்டு. ஆனால் திண்டிக்கு நடுவே புகுந்து படம் எடுக்காதீர்கள், தாளக்காரர்களின் வரிசை கலைந்துவிடும்.

எல்லாரும் மாவுலி என்றால் எல்லாரும் ஒன்றா? மானிடவியலாளர் இராவதி கர்வே ஒரு திண்டியோடு நடந்துவிட்டு எழுதிய கட்டுரையில், பகல் முழுக்கச் சேர்ந்து பாடிய பிராமணர்களும் மராத்தாக்களும் சாப்பாட்டு வேளையில் தனித்தனியே பிரிந்து போனதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறார். பண்டரிபுரத்திலேயே, கோயிலுக்குள் விடப்படாத மகார் குலத்துக் கவி சோகாமேளரின் சமாதி வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது. தலித்துகளுக்கு அந்தக் கதவைத் திறக்கச் சொல்லி 1947இல் எழுத்தாளர் சானே குருஜி உண்ணாவிரதம் இருக்க வேண்டி வந்தது. வாரியின் சமத்துவத்தைப் புகழ்கிறவர்கள் அநேகமாக இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

ஏகாதசிக்கு முதல் நாள் ஊர் போய்ச் சேர்ந்ததும் சந்திரபாகை ஆற்றில் குளியல். ஏகாதசியன்று விடியுமுன் மாநில முதலமைச்சர் நடத்தும் மகாபூஜை, அதில் தரிசன வரிசையில் முன்னால் நிற்கும் வார்கரி தம்பதிக்கும் இடம் உண்டு. செங்கல்மேல் இடுப்பில் கைவைத்து நிற்கும் விட்டலனின் காலைத் தொட வரிசையில் ஒரு பகலும் இரவும் கூட ஆகிவிடும். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் வெளியே நின்று கோபுரக் கலசத்தை நோக்கிக் கும்பிட்டுவிட்டு, அதுவே தரிசனம் என்று பேருந்து நிலையத்துக்குப் போய்விடுவார்கள்.

பல்லக்கு மட்டும் பௌர்ணமிவரை அங்கேயே இருந்து, வந்த வழியே திரும்புகிறது. கூட வருபவர்கள் மிகக் குறைவு, நடை வேகமானது, படம் எடுக்க யாரும் வருவதில்லை. பத்து நாள் போல ஆகும் ஆளந்தி சேர. அப்போதும் வீணை தரையில் வைக்கப்படுவதில்லை.