நோய் தீர்க்கும் மருந்து யாருக்குத் தீங்கு செய்யும்?



சபைகளுக்குச் செல்லும் இடங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. “ஐயா, டாக்டர் பட்டமே வாங்கிவிட்டவருக்கு இன்னும் இரண்டு மூன்று வருஷம் என்ன பயிற்சி? அதுவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து! அந்தப் பணத்துக்கு நாலு கட்டில் வாங்கிப் போடலாமே” என்கிறார்கள். நியாயமான கேள்விதான். கட்டிலுக்குக் கொடுத்தால் பெயர் எழுதிய தகடு பதிக்கலாம். படிப்புக்குத் தகடு பதிக்க இடமில்லை. ஆனாலும் டாப்சோன் என்ற தொழுநோய் மாத்திரையின் கதையைக் கேட்டால், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பயிற்சி எதற்கு என்பது விளங்கும்.

டாப்சோன் மிஷன் மருத்துவமனைகளுக்கு அந்நியமானதல்ல. 1940களில் செங்கல்பட்டில் அதைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் மருத்துவர் ராபர்ட் காக்ரேன். அதுவரை நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1982இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த கூட்டு மருந்துச் சிகிச்சையிலும் டாப்சோன் இடம் பெற்றது. இன்றும் இருக்கிறது. மலிவானது, இலட்சக்கணக்கானோர் கைகால் ஊனமின்றி வீடு திரும்பியதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் அதை உண்பவர்களில் 200 பேரில் ஒருவர் முதல் 30 பேரில் ஒருவர் வரை வேறொரு துன்பத்துக்கு ஆளாகிறார்கள். மருந்து தொடங்கி நாலு முதல் ஆறு வாரங்களில் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, நெறிகட்டுதல், மஞ்சள் காமாலை. இப்படி ஒவ்வாமை கண்டவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவர் மரித்துப் போகிறார். வைரஸ் காய்ச்சல் என்று எண்ணி மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்துவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம். 1951லேயே மருத்துவர்கள் இதை எழுதி வைத்துவிட்டார்கள். இன்னாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லத்தான் முடியவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதே நிலைதான்.

2013இல் சீனாவின் ஆராய்ச்சியாளர்கள் அதற்கு விடை கண்டார்கள். டாப்சோன் ஒத்துக்கொள்ளாத 39 தொழுநோயாளிகளின் மரபணுக்களையும், ஒத்துக்கொண்ட 833 பேரின் மரபணுக்களையும் பல இலட்சம் இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வித்தியாசம் எச்.எல்.ஏ. எனப்படும் மரபணுத் தொகுதியில் இருந்தது. நம் உயிரணுக்கள் தங்களுக்குள் இருப்பவற்றின் சிறு துணுக்குகளை வெளியே நீட்டிக் காட்டும் கைகளைப் போன்றவை இந்த எச்.எல்.ஏ. புரதங்கள். வெள்ளணுக்கள் வந்து சோதித்து, அந்நியமானது தென்பட்டால் தாக்கும். இந்தக் கைகளின் வடிவம் தாய் வழியாகவும் தகப்பன் வழியாகவும் வருவதால் ஆளுக்கு ஆள் வேறுபடும். எச்.எல்.ஏ-பி 13:01 என்ற வடிவத்தை உடையவர்களுக்கே டாப்சோன் ஒவ்வாமை பெரும்பாலும் வருகிறது என்று தெரிந்தது.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. மருந்து கொடுக்குமுன்பே 1,512 நோயாளிகளைச் சோதித்து, அந்த வடிவம் இல்லாத 1,251 பேருக்கு மட்டும் டாப்சோன் கொடுத்தார்கள். வழக்கமான கணக்குப்படி 13 பேருக்காவது ஒவ்வாமை வந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை. 2019இல் வெளியான முடிவு இது. தைவானில் 2004இல் இதே வழியில், கார்பமசெபின் என்ற வலிப்பு மாத்திரையால் தோல் வெந்ததுபோல் உரிந்த 44 பேரைப் பரிசோதித்ததில் 44 பேரிடமும் வேறோர் எச்.எல்.ஏ. வடிவம் இருந்தது. 2007இல் அமெரிக்க அரசு அந்த மருந்துக்கு எச்சரிக்கை விதித்தது.

இப்படிக் கண்டுபிடிக்கிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? முனைவர் பட்டம் வாங்கியவருக்குப் பெரும்பாலும் பாதிதான் தெரியும். உயிரியல் படித்தவருக்குக் கணக்கு போதாது. கம்ப்யூட்டர் படித்தவர் நோயாளியின் கட்டிலருகே நின்றதில்லை. மற்றப் பாதியைக் கற்பதே இந்தப் பயிற்சி. உயிர்த் தகவலியல் என்று அதற்குப் பெயர் சொல்கிறார்கள்.

ஓர் உதாரணம் சொல்லுகிறேன். 5 இலட்சம் இடங்களை ஒப்பிடும்போது, நூற்றுக்கு ஐந்து தற்செயலாக இருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தால், 25,000 இடங்கள் ஒன்றுமில்லாமலே ‘குற்றவாளி’ ஆகிவிடும். ஆகவே பத்துக் கோடியில் ஐந்து என்ற அளவுக்குக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். இன்னொரு கண்ணி நம் நாட்டுக்கே உரியது. சாதிக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்ததால், ஒரு சமூகத்தில் அதிகமாயுள்ள மரபணு வடிவம் பக்கத்துச் சமூகத்தில் அரிதாயிருக்கும். ஒவ்வாமை வந்தவர்களை ஒரு சமூகத்திலிருந்தும் வராதவர்களை வேறொன்றிலிருந்தும் எடுத்துவிட்டால், சாதி வித்தியாசத்தையே மருந்தின் குற்றம் என்று எழுதிவிடுவோம். அந்த 13:01 வடிவம் இந்தியரில் நூற்றுக்கு 1 முதல் 12 பேர் வரை உண்டு. ஐரோப்பியரிடம் இல்லை என்றே சொல்லலாம். ஐரோப்பாவில் மட்டும் தேடியிருந்தால் இந்த வடிவம் அகப்பட்டிருக்கவே மாட்டாது. நம் மக்களை அறிந்தவர்கள் இந்த வேலையைக் கற்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மருந்துப் பாதுகாப்பில் மரபணு ஒரு பகுதிதான். பயிற்சியின் பெரும்பகுதி, புகார்க் கடிதங்களை வாசிப்பது போன்ற பொறுமையான வேலை. தாலிடோமைடு மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்த பிறகு, 1968இல் பத்து நாடுகள் சேர்ந்து மருந்துகளின் தீய விளைவுகளை ஓரிடத்தில் பதியத் தொடங்கின. சுவீடனின் உப்சாலா நகரில் உள்ள அந்தத் தொகுப்பில் இன்று 3 கோடிக்கு மேற்பட்ட அறிக்கைகள் இருக்கின்றன. ஒரே சம்பவம் இருமுறை வந்திருக்கும். காசநோய்க்கு நாலு மாத்திரை உண்பவருக்கு மஞ்சள் காமாலை என்றிருக்கும். எந்த மாத்திரையால், அல்லது சாராயத்தாலா என்றிராது. ஒரு மருந்தோடு ஒரு தீங்கு எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சேர்ந்து வருகிறதா என்று கம்ப்யூட்டர் கணக்கிட்டுக் காட்டும். அது ஒரு சந்தேகமே, தீர்ப்பு அல்ல. அதற்குப் பிறகு மனுஷன்தான் ஒவ்வொரு அறிக்கையாக வாசிக்க வேண்டும்.

இதை வாசித்துவிட்டு யாரும் தொழுநோய் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். அந்த மரபணு வடிவம் உள்ளவர்களிலும் பெரும்பாலோர் தீங்கின்றி உண்கிறார்கள். இல்லாதவருக்கு ஒருக்காலும் வராது என்று உறுதி கூறவும் இயலாது.

உங்கள் வீட்டில் யாருக்காவது புதிய மருந்து ஆரம்பித்த சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு தடிப்பு கண்டால், உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். மருந்து அட்டையை எறியாமல் எடுத்துச் செல்லுங்கள். கடையில் கேட்டு வாங்கியது, நாட்டு மருந்து, எதையும் மறைக்க வேண்டாம். 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நோயாளியோ உறவினரோ தாங்களே அறிவிக்கலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, தடிப்பு கண்ட தேதி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.