அடியால் அடங்குமா அச்சம்?

ஷா ஆலம் ஒரு காலத்தில் பால்மரமும் செம்பனையும் நின்ற பூமி. 1978-இல் அது சிலாங்கூரின் தலைநகராயிற்று. 2000-ஆம் ஆண்டில் மாநகர் என்ற தகுதியும் பெற்றது. தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த நம்மவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். லயத்து நாய் பயந்தால் ஓடும். பயம் தெளிந்தால் திரும்பி வரும். தாமானில் அப்படியில்லை. முன்னே இரும்புக் கதவு, பின்னே சுவர், பக்கத்திலேயே அண்டை வீடு. ஓட இடமில்லாத நாய் வேறென்ன செய்யும்? குரைக்கும், பாயும், முடிவில் கடிக்கும்.

தெருவில் கிடந்த நாயை மனமிரங்கி வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள் நம்மிடையே உண்டு. அம்பாங்கிலுள்ள சிலாங்கூர் பிராணி வதைத் தடுப்புச் சங்கம் போன்ற காப்பகங்களிலிருந்து எடுத்து வளர்ப்பவர்களும் உண்டு. சில வாரங்களில் தொல்லை தொடங்குகிறது. தபால்காரரைக் கண்டால் பாய்கிறது. துடைப்பத்தைத் தூக்கினால் கட்டிலுக்கடியில் ஒளிகிறது. அண்டை வீட்டார் மாநகர் மன்றத்தில் புகார் செய்கிறார்கள். கடைசியில் நாய் மீண்டும் தெருவுக்கே போகிறது. பிடிபட்டால் பல வேளைகளில் அதன் ஆயுளும் முடிகிறது. எனவே, வாசகர்களே, இது வெறும் பொழுதுபோக்கு விஷயமன்று.

பழமொழி படுத்தும் பாடு

‘அடியாத மாடு படியாது’ என்று ரோத்தானை எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாட்டுக்கு அது பொருந்துமோ என்னவோ, பயந்த நாய்க்குப் பொருந்தாது. தபால்காரரைக் கண்டு நடுங்கும் நேரத்தில் அடித்தால், ‘இந்த ஆள் வந்தால் அடியும் விழும்’ என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும். இருந்த பயம் இரட்டிப்பாகும்.

‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்பதையும் நம்ப வேண்டாம். குரைப்பதும் உறுமுவதும் ‘கிட்டே வராதே’ என்ற எச்சரிக்கை. உறுமலை அடித்து அடக்கினால் எச்சரிக்கைதான் போகுமேயொழிய, பயம் போகாது. பிறகு அந்த நாய் உறுமாமலே கடிக்கும்.

நாய்க்குட்டி பிறந்த 3-ஆவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14-ஆவது வாரம் வரை எதைக் கண்டு பழகுகிறதோ, அதை எளிதில் ஏற்றுக்கொள்ளும். அந்த வயதில் கல்லெறியை மட்டுமே கண்ட குட்டிக்கு எல்லாக் கையும் எறிகிற கைதான். ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்ற பழமொழிதான் இங்கே பொருந்தும்.

பீட்டரும் முயலும்

இதற்கு வழி என்ன? நாய்க்கு முன்னால் ஒரு குழந்தையின் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியல் அம்மையார் 1924-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஏறக்குறைய மூன்று வயதுப் பையன் பீட்டருக்கு முயல் என்றால் நடுக்கம். பஞ்சைக் கண்டால்கூடப் பயம். அம்மையார் அவனை மிரட்டவில்லை. அவன் பிரியமாகச் சாப்பிடும்போது, சாப்பாடு கெடாத தூரத்தில் முயல் கூண்டை வைத்தார். நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். இறுதியில் முயல் தன் விரலைக் கொறிக்கவும் பீட்டர் இடங்கொடுத்தான்.

நாய்ப் பயிற்சியாளர்கள் இன்று கையாள்வதும் இதே வழிதான். அமெரிக்கப் பிராணி வதைத் தடுப்புச் சங்கம், கொடுமைக்கு ஆளாகி மனிதரைக் கண்டாலே ஒடுங்கும் நாய்களுக்காக 2013-இல் நியூ ஜெர்சியில் பயிற்சியைத் தொடங்கியது. 2018-இல் வட கரோலினாவின் வீவர்வில் என்ற ஊரில் அதற்கென்றே ஒரு நிலையம் திறந்தது.

வீட்டில் செய்ய வேண்டியது

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது வலியும் பல் வலியும்கூட நாயைச் சீற வைக்கும். முதல் சில நாட்கள் அமைதியான ஒரு மூலையைக் கொடுங்கள். உறவினரை அழைத்துக் காட்டுவதும், பிள்ளைகள் கட்டியணைப்பதும் அப்போது வேண்டாம். தின்னும்போதும் தூங்கும்போதும் எந்நாளும் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

வேறொரு நாயைக் கண்டு குரைக்கிறதா? எவ்வளவு தூரத்தில் பார்த்தும் பேசாமல் இருக்கிறது என்று கவனியுங்கள். 50 அடி என்றால் அங்கேயே நில்லுங்கள். அந்த நாய் கண்ணில் பட்டவுடன், வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுங்கள். முதலில் காட்சி, அதன் பிறகே தீனி. இந்த வரிசை மாறக்கூடாது. தீனியை வாங்க மறுத்தால் மிக நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். ஐந்து நிமிடம் போதும்.

தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் வெடிச் சத்தத்தில் நாய் வேலி தாண்டி ஓடிவிடும். அன்று மாலையே உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்கள். மிகவும் நடுங்கும் நாய்க்கு மருத்துவரிடம் முன்கூட்டியே மருந்து கேட்கலாம்.

பயிற்சியாளரைத் தேடுகிறவர்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நாய் சொன்னபடி கேட்காவிட்டால் என்ன செய்வீர்கள்?” கழுத்தை நெரிக்கும் சங்கிலி, மின்சாரப் பட்டை என்று பதில் வந்தால் நாயோடு வீடு திரும்புங்கள். பிராணிகளைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் இடமளிக்கிறது.

அண்டை வீட்டாரையும் எண்ணிப் பாருங்கள். நாயைத் தொடுவதை மார்க்கம் ஏற்காத மலாய்க் குடும்பங்கள் நம் பக்கத்தில் வாழ்கின்றன. நாய் வெளியே ஓடாமல் கதவைப் பூட்டுவதும், முறைப்படி லைசென்ஸ் எடுப்பதும் நம் கடமை. “பயந்த நாய், பழக்கி வருகிறோம்” என்று முகம் பார்த்துச் சொல்லி வைத்தால் பாதிப் புகார் குறையும்.

எல்லா நாயும் எல்லாரோடும் குலாவும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். சில கடைசிவரை விருந்தாளியை விட்டு விலகியே இருக்கும். அதனால் குற்றமில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, இன்று எத்தனை அடி தூரத்தில் அமைதியாக நின்றது என்று குறித்து வாருங்கள். 50 அடி 40 ஆனாலும் அது முன்னேற்றமே. அன்றைக்குக் கோழித் துண்டு ஒன்று கூடுதலாகக் கொடுங்கள்.