மீந்த துண்டுகளின் தோட்டம்



நம் வெள்ளகோவிலில் விசைத்தறிக் கூடத்துக் கழிவு நூலும் பழைய இரும்பும் எடைக்குப் போகின்றன. உடைந்த வளையலையும் பீங்கானையும் எடைக்குக்கூட யாரும் கேட்பதில்லை. அத்தகைய பொருள்களாலேயே உருவான சிற்பத் தோட்டம் ஒன்று சண்டிகரில் இருக்கிறது. அதன் பெயர் 'ராக் கார்டன்'.

அதை அமைத்தவர் நேக் சந்த். இன்று பாகிஸ்தானில் உள்ள ஒரு கிராமத்தில் 1924இல் பிறந்தவர்; 1947 பிரிவினையில் சொந்த ஊரை இழந்து வந்தவர். சண்டிகர் கட்டப்பட்ட காலத்தில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தார். புதிய நகருக்காகப் பல சிற்றூர்கள் இடிக்கப்பட்டன. அந்த இடிபாடுகளில் கிடந்த ஓட்டுச் சில்லுகளையும் வளையல் துண்டுகளையும் வேலை முடிந்தபின் மிதிவண்டியில் ஏற்றி, சுக்னா ஏரிக்கு அருகிலுள்ள காட்டில் சேர்த்தார்.

செய்முறை எளியது. பழைய மிதிவண்டிச் சட்டத்தையோ கம்பியையோ கூடாக நிறுத்தி, சிமெண்ட் பூசி, ஈரம் காயுமுன் உடைந்த துண்டுகளை நெருக்கமாகப் பதிப்பார். குடம் சுமக்கும் பெண்களும் பறவைகளும் குரங்குகளும் இப்படித்தான் உருவாயின. கந்தல் துணியில் ஆளுயரப் பொம்மைகளும் செய்தார்.

அது கட்டடம் எழுப்பக் கூடாத அரசு நிலம். ஆகவே ஏறத்தாழ 18 ஆண்டுகள் மறைவாகவே உழைத்தார். 1970களில் அதிகாரிகள் கண்டபோது தோட்டம் 12 ஏக்கருக்கு விரிந்திருந்தது. சட்டப்படி இடித்திருக்கலாம். நிர்வாகமோ 1976இல் அதை மக்களுக்குத் திறந்துவிட்டது. அந்த வேலைக்கே அவரை அமர்த்தி, 50 தொழிலாளர்களையும் தந்தது. 1984இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 2015இல் காலமானார்.

ஐயாயிரம் பேர் வயிறார உண்டபின், மீந்த துண்டுகளைச் சேர்க்கச் சொன்னார் நம் ஆண்டவர். பசி தீர்ந்தபின் அவை யாருக்கும் தேவைப்படவில்லை. இருந்தும் 12 கூடைகள் நிறைந்தன.

சகோதர சகோதரிகளே, அந்த அதிகாரிகளுக்கு இருந்த அதிகாரம் சில வேளைகளில் நமக்கும் கிடைக்கிறது. திண்ணையில் பேச்சுத் துணையின்றி இருக்கும் பெரியவர், தேர்வில் தவறிய பிள்ளை, வடக்கேயிருந்து வந்து நம் ஊரில் தறி ஓட்டும் இளைஞர்: இவர்களை ஒதுக்கிவிட நம்முடைய ஒரு சொல் போதும். ஓர் இடம் கொடுக்கவும் ஒரு சொல் போதும். இந்த வாரம் அவர்களில் ஒருவர் அருகே அமர்ந்து, அவருக்கு என்ன வேலை தெரியும் என்று கேளுங்கள். கேட்டபின், அந்த வேலையை நம்பி அவரிடம் கொடுங்கள்.

இறைவனின் ஆசி உங்கள் இல்லங்களில் தங்குவதாக. ஆமென்.